கோடியக்கரையில் ஒரு மார்கழி நாள்: வாத்துகளைத் தேடிச் செல்பவருக்கு

சென்ற ஜனவரியில் குடும்பத்துடன் கோடியக்கரைக்குச் சென்றதாகவும், முற்பகல் பதினொரு மணிக்குச் சதுப்பின் கரையில் நின்று பார்த்தபோது தொலைவில் வெண்புள்ளிகளாகச் சில பூநாரைகளும் கானலும் தவிர வேறெதுவும் தென்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த டிசம்பர் இறுதியில் ஒரே ஒரு நாள் கிடைக்கும், வாத்துகளைப் பார்க்க எங்கே போய் நிற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் "இப்போதெல்லாம் வாத்துகள் வருவதே இல்லையோ" என்ற ஐயத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். ஆக, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. வருகின்றனவா என்பதற்கு விடை எளிது: வருகின்றன. எங்கே நிற்பது என்பதற்கு ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. சென்ற வாரம் ஆயிரம் வாத்துகள் மிதந்த அதே இடம் இந்த வாரம் வெறும் சேறாகவோ, வாத்தின் கழுத்துக்கு எட்டாத ஆழமாகவோ இருக்கக்கூடும். பறவைகளைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு நாளே போதும். அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

நான் பறவையியலில் பட்டம் பெற்றவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜனவரி மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலனாகக் கலந்துகொண்டு, டெல்டாவின் ஏரிகளிலும் இந்தச் சதுப்பிலும் வாத்துகளை எண்ணிவந்தவன். கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி அவ்வாறு நின்று பார்த்ததிலிருந்தும், கோடியக்கரையில் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரின் பணியைத் தொடர்ந்து கவனித்ததிலிருந்தும் வந்தது. என் ஊகமாக உள்ளவற்றை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

நிலத்தின் அமைப்பிலிருந்து தொடங்குவோம். வங்கக் கடலை ஒட்டித் தெற்கே இறங்கிவரும் கரை, கோடியக்கரை முனையில் மேற்கே திரும்பிப் பாக் நீரிணையின் கரையாக மாறுகிறது. இந்த முனைக்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை விரிந்து கிடப்பதுதான் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கோடியக்கரைக் காடு 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது வெளிமான்களுக்காகவே. பின்னர், காடும் சதுப்பும் முத்துப்பேட்டையும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நீர்நிலை இதுவே. வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்குச் செல்லும் சாலைக்கு மேற்கே சதுப்பும், கிழக்கே கடலும் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பற்றிப் பேசும்போது அது பயன்படும்.

இந்தக் கடலோரத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வாத்துகளில் பெரும்பாலானவை நீரில் மூழ்கி இரை தேடுபவை அல்ல. தலையை மட்டும் நீருக்குள் விட்டு, வால் மேலே தூக்கி நிற்க, கழுத்து எட்டும் ஆழத்தில் விதைகளையும் நீர்த்தாவரங்களையும் சிற்றுயிர்களையும் மேய்பவை. ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஆழம் வரை அதனால் மேய முடியும். நீலச்சிறகிக்கும் கிளுவைக்கும் ஒரு சாண் ஆழமே வசதி. ஆண்டி வாத்து தட்டையான அகன்ற அலகால் நீரின் மேற்பரப்பையே வடிகட்டி உண்பதால், ஆழத்தைவிட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் அளவே அதற்கு முக்கியம். நாமத்தலை வாத்து புல்லையும் நீர்ப்பூண்டையும் மேய்வது. பசுமை இருக்கும் ஓரத்தை விட்டு அதிகம் விலகாது. ஆகவே கரையில் நின்றதும் தொலைநோக்கியை எடுப்பதற்கு முன் நீர்ப்பரப்பில் நிற்கும் பெரிய பறவைகளின் கால்களைக் கவனியுங்கள். பூநாரைகள் தொடை வரை நீரில் நிற்கின்றன என்றால் அது வாத்துகள் மிதந்து ஓய்வெடுக்கும் ஆழம், மேயும் ஆழம் அன்று. நீண்ட மெல்லிய கால்களுடைய கரைப்பறவையான நெடுங்கால் உள்ளான் முழங்கால் அளவு நீரில் நடக்கும் இடத்துக்கும் பூநாரை நிற்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள பட்டையில்தான் மேயும் வாத்துகளைத் தேட வேண்டும். மிகச் சிறிய கரைப்பறவைகளான கொசு உள்ளான்கள் ஓடித் திரியும் ஈரச்சேற்றில் வாத்தைத் தேடுவது வீண். இந்த ஓர் அளவுகோல் எனக்குத் தவறியது மிகச் சில முறைதான்.

இந்தச் சதுப்பில் நீரின் ஆழத்தைத் தீர்மானிப்பது ஓத அட்டவணை மட்டும் அன்று. பாக் நீரிணையில் ஏற்ற வற்றத்தின் அளவு மிகச் சிறிது. வடகிழக்குப் பருவமழையின்போது டெல்டாவின் வடிகால்கள் வழியே இறங்கும் நன்னீரும், காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் சேர்ந்தே சதுப்பை நிரப்புகின்றன. இவ்வளவு அகன்று, இவ்வளவு ஆழங்குறைந்த நீர்ப்பரப்பில் காற்று ஒரு திசையில் தொடர்ந்து வீசினால் நீர் எதிர்ப்புறம் ஒதுங்கி, இந்தப் புறம் சேறு வெளிப்படும். காற்று ஓய்ந்தால் நீர் திரும்பும். காலையில் கண்ட கரையை மாலையில் காணாமற்போகச் செய்வது பல நாட்களில் காற்றுதான். முதல் நாள் மாலை வேதாரண்யத்தில் தங்கினால், உப்பளத் தொழிலாளர்களிடமோ மீனவர்களிடமோ "தண்ணி எப்படிக் கிடக்கு?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்லும் விடை எந்த வானிலைச் செயலியை விடவும் துல்லியமாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உப்பளங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பு வாருவதில்லை; கடல்நீரை முதலில் ஏற்றித் தேக்கும் பெரிய பாத்திகளில் மழைநீரும் கலந்து கிடக்கும். அங்கே வாத்துகளுக்கு இடமுண்டு. உப்பு விளையும் கடைசிப் பாத்திகளின் அடர்ந்த நீரில் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். பாத்திகள் தனியார் பொறுப்பில் இருப்பவை என்பதால் வரப்பில் இறங்கும் முன் அங்கிருப்பவர்களிடம் அனுமதி கேட்பதே முறை.

நீங்கள் பதினொரு மணிக்கு எதுவும் பார்க்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் ஐயத்துக்கு இடமற்றவை. முதலாவது, குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெரும்பாலும் இரவில் மேய்ந்து, பகலில் திறந்த நீரின் நடுவே கூட்டமாக மிதந்து உறங்குகின்றன. தலையை முதுகில் செருகிக்கொண்டு மிதக்கும் ஆயிரம் வாத்துகள், ஒரு கிலோமீட்டர் தொலைவில் பழுப்புக் கோடு போன்றுதான் தெரியும். அதைப் பாசித்திட்டு என்றோ மணல்திட்டு என்றோ எண்ணி விட்டுவிடுவது மிக எளிது. நீங்களும் ஒருவேளை அவ்வாறு ஒரு கோட்டைப் பார்த்திருக்கலாம். இரண்டாவது, வெயில் ஏறியதும் சேற்றின் மேல் எழும் கானல். பத்து மணிக்கு மேல் எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியும் நெளியும் உருவங்களையே காட்டும்.

எனவே நாளை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் இறுதியில் இங்கே ஏறக்குறைய ஆறரை மணிக்குச் சூரியன் எழும். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, விடியலுக்கு முன்பே சதுப்பின் கிழக்குக் கரையில் இருங்கள். அப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து, மேற்கே மிதக்கும் பறவைகளின் மேல் நேராக விழும். முதல் அரை மணி நேரத்தில் இரவு மேய்ச்சல் முடித்துத் திரும்பும் கூட்டங்கள் தலைக்கு மேலே கடக்கும். அவற்றை அண்ணாந்து பின்தொடராமல் எங்கே இறங்குகின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தை அவையே காட்டிவிடுகின்றன. எட்டு அல்லது பத்து மடங்கு இருவிழி நோக்கி போதும். முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி யாரிடமாவது இரவல் கிடைத்தால் இந்த ஓர் இடத்துக்காகவே அதைச் சுமந்து வரலாம்.

அடையாளம் காண்பதில் புதியவர்கள் தடுமாறுவது நிறத்தை நம்புவதால். படங்களில் காணும் ஆண் வாத்தின் பளிச்சென்ற கோலம் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் பெண்களைப் போன்ற மங்கலான பழுப்பு இறகுக்கு மாறி, அந்தக் கோலத்திலேயே இங்கு வந்து சேர்கின்றன. ஊசிவால் வாத்தின் ஆண் டிசம்பருக்குள் பழுப்புத் தலையும் வெள்ளைக் கழுத்தும் நீண்ட வாலுமாகப் பெரும்பாலும் தேறிவிடும். நீலச்சிறகியின் ஆணோ பிப்ரவரி வரைகூட மங்கலாகவே இருக்கும். கண்ணுக்கு மேல் அகன்ற வெண்புருவம் கொண்ட அழகிய ஆணை டிசம்பரில் தேடி ஏமாற வேண்டாம். ஆகவே உருவத்தையும் இறக்கையையும் நம்புங்கள். நீண்ட மெல்லிய கழுத்தும் சாம்பல் நிற அலகும் கூரிய பின்புறமும் இருந்தால் ஊசிவால். உடலுக்குப் பொருந்தாத பெரிய அலகு, மிதக்கும்போது முன்பக்கம் தாழ்ந்த தோற்றம் என்றால் ஆண்டி வாத்து. சிறிய உடல், முகத்தில் வெளிறியதும் கருத்ததுமான கோடுகள் மாறிமாறி வந்தால் நீலச்சிறகி. அதேயளவு சிறிதாக இருந்து, முகம் வெறிச்சென்று, வாலோரத்தில் வெளிறிய கீற்றும், பறக்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் பளிச்சென்ற பச்சைத் திட்டும் தெரிந்தால் கிளுவை. உருண்டைத் தலையும், கருமுனை கொண்ட குட்டையான நீலச்சாம்பல் அலகும் நாமத்தலை வாத்துக்கு உரியவை. ஆணின் செம்பழுப்புத் தலையில் நெற்றியிலிருந்து உச்சி வரை ஏறும் வெளிர்மஞ்சள் பட்டையைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை வைத்தவரின் கண்ணை மெச்சாமல் இருக்க மாட்டார்கள். ஆண் நாமத்தலையின் சீழ்க்கை ஒலியை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கண்ணே தேவையில்லை. இவற்றோடு இங்கேயே ஆண்டு முழுவதும் வாழும் புள்ளிமூக்கு வாத்தையும் காணலாம். மஞ்சள் முனை கொண்ட அதன் கரிய அலகு தொலைவிலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும்.

பட்டைத்தலை வாத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் இமயத்தைக் கடந்து வரும் அந்தப் பறவையைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதற்காகக் கடலோரத்துக்கு வர வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளமும் அதற்குப் பொருத்தமான இடங்கள்.

பத்து மணிக்கு மேல் சதுப்பை விட்டுவிடுங்கள். பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காட்டுக்குள், அனுமதிக்கப்பட்ட பாதையில், நிழலில் நேரத்தைக் கழிக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப் போட்ட கோலத்தைப் பார்த்தவர்களுக்கு, இன்று நிற்கும் ஒவ்வொரு மரமும் மனத்துக்கு ஆறுதல் தருவது. புல்வெளியில் வெளிமான்கள் நிற்கும். முனியப்பன் ஏரிப் பக்கம் மழைநீர் தேங்கியிருந்தால் சில சிறகிகளை அருகிலேயே பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்குமேல் கிழக்குக் கடற்கரைக்குச் செல்லுங்கள். இப்போது சூரியன் மேற்கே இருப்பதால் கடற்காகங்களும் ஆலாக்களும் நல்ல ஒளியில் தெரியும்.

பிறகு, மாலை ஐந்தேகால் மணிக்குள், காலையில் நின்ற அதே இடத்துக்குத் திரும்பி வாருங்கள். பலர் செய்யத் தவறுவது இதைத்தான். சூரியன் எதிரே இருப்பதால் நிறம் எதுவும் தெரியாது. ஆனால் பகல் முழுதும் உறங்கிய கூட்டம் இப்போது விழிக்கிறது. கழுத்துகள் நிமிரும், ஒன்றிரண்டு இறக்கையடித்துக்கொள்ளும், வெளிச்சம் மங்கிக்கொண்டே வரும்போது ஒரு சிறு குழு எழும், அதைத் தொடர்ந்து இன்னொன்று. செவ்வானத்தின் முன் கடக்கும் கருநிழல்களில் ஊசிவாலின் நீண்ட கழுத்தையும் வாலையும், ஆண்டி வாத்தின் முன்கனத்த உருவத்தையும், நீலச்சிறகிகள் நெருக்கமாகச் சேர்ந்து சட்டென்று திசை மாறுவதையும் காலையில் நிறம் பார்த்துக் கற்றதைவிடத் தெளிவாகக் கற்றுக்கொள்வீர்கள். இறக்கைகளின் சலசலப்பு கேட்கும் உயரத்தில் அவை கடக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கால்மணி நேரத்துக்காக மட்டுமே நான் இந்த ஊருக்குப் பேருந்து ஏறுகிறேன். அவை எங்கே செல்கின்றன என்பதில் ஒரு பகுதி உறுதியானது: சதுப்பின் ஆழங்குறைந்த ஓரங்களுக்கு. வடக்கே நெல்வயல்களுக்கும் செல்கின்றன என்பது உழவர்கள் சொல்வதையும் பறக்கும் திசையையும் சேர்த்து நான் கொண்டிருக்கும் ஊகம்.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். இந்த வாத்துகள் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிட்டு, அங்கே நீர் உறையும் முன் தெற்கே வருபவை. இது ஊகம் அன்று. 1959இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கிய பிறகு, இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் அந்த நிலங்களில் திரும்பக் கிடைத்ததால் நிறுவப்பட்டது. சேற்றில் மேயும் சிறு கரைப்பறவைகள் கோடியக்கரையில் 1980களோடு ஒப்பிடும்போது பெரிதும் குறைந்துவிட்டன என்பதையும் வளையமிட்டவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். வாத்துகளைப் பற்றி அதே உறுதியோடு ஒரே ஒரு சதுப்பை வைத்துப் பேசுவது சரியாகாது. மழை மிகுந்த ஆண்டில் டெல்டாவின் ஏரி குளங்கள் அனைத்திலும் நீர் நிற்கும். வாத்துகள் அவற்றில் பரவிவிடுவதால் கடலோரத்தில் எண்ணிக்கை குறைந்து தோன்றும். மழை பொய்த்த ஆண்டிலோ, தை பிறந்து உள்நாட்டுக் குளங்கள் வற்றத் தொடங்கும்போதோ அவை கடலோரத்தில் வந்து குவியும். ஒரே சதுப்பில் ஓர் ஆண்டு சில நூறும் மறு ஆண்டு பல ஆயிரமும் நாங்கள் எண்ணியதற்குக் காரணம் இதுவென்றே கருதுகிறேன். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைவதும் உப்பின் அளவு மாறுவதும் நீர்ப்பூண்டுகளைப் பாதித்து வாத்துகளை விரட்டுகின்றனவா என்று கேட்டால், பொருந்தக்கூடிய விளக்கம் என்பேன்; நிறுவப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை நோக்கிச் சேற்றில் இறங்காதீர்கள். வாத்துகள் கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் மெல்ல நீந்தி விலகத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, இரண்டடி பின்வாங்குங்கள். பகல் ஓய்வில் ஒருமுறை கிளப்பிவிட்டால் அவை செலவழிக்கும் கொழுப்பு, மார்ச் மாதம் வடக்கே திரும்பும் பயணத்துக்குச் சேர்த்து வைப்பது. கூட்டத்துக்கு மேலே ஆளில்லா விமானம் பறக்கவிடுவது அதைவிடக் கேடு.

அன்று காற்றும் நீரும் ஒத்துவராவிட்டால் காத்திருந்து பகலை வீணாக்காமல் எட்டு மணிக்கே முடிவெடுங்கள். சதுப்பில் நீர் மிகுந்து பறவைகள் எட்டாத தொலைவுக்குப் போயிருந்தால் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரிக்குச் செல்லலாம். நீர் ஒரு வரம்புக்குள் நிற்பதால் அங்கே இதே வாத்துகளைக் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்க முடியும், ஆனால் பயணத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டியிருக்கும். எங்கே பார்த்தாலும் எண்ணிக்கை எழுதுங்கள். பெரிய கூட்டத்தில் முதலில் நூறு பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுவதும் வைத்து அளந்து வாருங்கள். இனம் தெரியாதவற்றை "வாத்து, இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அந்த வரி கணக்கெடுப்பவர்களுக்கு மிகவும் பயன்படும். கூடவே நேரத்தையும், காற்று வீசிய திசையையும், பூநாரையின் காலில் நீர் எதுவரை ஏறியிருந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்து வாருங்கள். திரும்பியதும் அதை இங்கே எழுதினால், அன்று வாத்துகள் எங்கே இருந்திருக்கும் என்று உங்களோடு சேர்ந்து பார்க்க நான் ஆவலாக இருக்கிறேன்.